கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஆய்வுப் பணி: இடஒதுக்கீட்டை எந்த அலகில் எண்ணுகிறார்கள்?

அனல்மின் நிலையக் கொதிகலனின் அழுத்தம், விண்கலம் நோக்கும் திசை, ஆலையில் பற்றவைக்கும் ரோபோவின் கை ஆகியவற்றைக் கணந்தோறும் அளந்து, பிழையைக் கணக்கிட்டு, மனிதத் தலையீடின்றித் திருத்தும் முறைகளை ஆராய்வது தானியக்கம் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல். இந்தியாவில் இத்துறைக்குத் தனி வீடு அரிது. ஐஐடிகள் பெரும்பாலானவற்றில் இது மின்பொறியியல் துறைக்குள் இயங்கும் ஒரு சிறு குழு. மும்பை ஐஐடியில் அமைப்புகள் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் என்ற தனிப் பிரிவு உண்டு. திருச்சி என்ஐடியில் கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் துறையும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் கருவியியல் துறையும் இயங்குகின்றன. ஒரு நிறுவனத்தில் இப்பாடத்திற்கெனச் சில ஆசிரியப் பணியிடங்களே இருக்கும். தலித், பழங்குடி ஆய்வாளர்களின் எதிர்காலத்தை இந்தச் சிறுமை எப்படித் தீர்மானிக்கிறது என்பது பேசப்பட வேண்டிய செய்தி.

பாதை எழுத்தளவில் எளியது. பொறியியல் பட்டம், கேட் தேர்வு, முதுநிலை அல்லது நேரடி முனைவர் பட்டச் சேர்க்கை, ஏறத்தாழ ஐந்தாண்டு ஆய்வு, அதன் பின் ஓரிரு ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வு, பிறகு உதவிப் பேராசிரியர் பணி. மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000. பட்டியலினத்தவருக்கான தேசிய உதவித்தொகை தனியே உண்டு. ஆனால் அதற்கான தேர்வு நெட் வழியே நடக்கிறது. நெட்டில் மின்பொறியியல் என்றொரு தாளே இல்லை. பொறியியல் மாணவருக்கென்று அறிவிக்கப்படும் உதவி, அவர் படித்த பாடத்தில் தேர்வு எழுத இடம் தருவதில்லை!

முதல் வாயிலிலேயே கசிவு தொடங்குகிறது. 2015 முதல் 2019 வரை ஐஐடிகளின் முனைவர் பட்டச் சேர்க்கையில் பட்டியலினத்தவர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சட்டப்படியான பங்கு முறையே 15, 7.5. ஆசிரியர் நிலையிலோ 2019இல் வெளியான கணக்கின்படி 23 ஐஐடிகளின் 6,043 ஆசிரியர்களில் பட்டியலினத்தவர் 149 பேர், பழங்குடியினர் 21 பேர். இரண்டையும் கூட்டினாலும் மூன்று விழுக்காட்டைத் தொடவில்லை. மின்பொறியியலுக்குள் கட்டுப்பாட்டுக் குழு என்று பிரித்துப் பார்த்தால் எஞ்சுவது என்னவாக இருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

சேர்க்கைக்கும் பணி நியமனத்திற்கும் இடையில் இடஒதுக்கீடே எட்டாத ஒரு வெளி இருக்கிறது. நெறியாளர் யாரைத் தேர்கிறார், எந்தச் சிக்கலை ஆய்வுக்குத் தருகிறார், வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எப்படிப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார் என்பவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இத்துறையில் ஒருவரின் பெயர் பரவுவது 'ஆட்டோமேட்டிகா' போன்ற இதழ்களாலும், ஆண்டிறுதியில் கூடும் சர்வதேசக் கட்டுப்பாட்டு மாநாட்டாலும், மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஐஃபேக் உலக மாநாட்டாலும்தான். பதிவுக் கட்டணம், விமானச் செலவு, விசா எல்லாம் சேர்ந்தால் அது உதவித்தொகையில் பல மாதப் பணம். 2015இல் சென்னை ஐஐடியில் முதன்முறை கூடிய இந்தியக் கட்டுப்பாட்டு மாநாடு உள்நாட்டிலேயே ஒரு மேடையைத் தந்தது. அதன் பயன் சிறிதல்ல. எனினும் பணி நேர்காணலில் எடை போடப்படுவது பெரும்பாலும் வெளிநாட்டு முதுமுனைவர் அனுபவமே. முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு, தொடக்கம் முதலே மிகச் சிறந்த கல்விப் பதிவு என்ற நிபந்தனைகள் வேறு. தமிழ்வழியில் படித்து, கல்லூரி முதலாண்டில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவரின் மதிப்பெண் அந்த ஓராண்டுக்காகவே கடைசிவரை தண்டிக்கப்படுகிறது.

இனி அலகுக் கணக்கு. 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆசிரியப் பணியிட இடஒதுக்கீட்டைப் பல்கலைக்கழக அளவில் அல்லாமல் துறை அளவில் எண்ண வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறு துறைகளுக்குரிய 13 புள்ளிச் சுழற்சியில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது பட்டியலினத்தவருக்கு, பதினான்காவது பழங்குடியினருக்கு. ஐந்து பணியிடங்கள் மட்டுமே உள்ள துறையில் பட்டியலினத்தவரின் முறை வர, ஐந்தும் நிரம்பிய பிறகு இருவர் ஓய்வு பெற வேண்டும். பழங்குடியினருக்கு ஒரு தலைமுறை காத்திருப்பு. நிறுவனம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ளும் 200 புள்ளிச் சுழற்சியிலோ 30 இடம் பட்டியலினத்தவருக்கு, 15 இடம் பழங்குடியினருக்கு, 54 இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு உறுதி. விழுக்காடு மாறவில்லை, எண்ணும் இடம் மட்டுமே மாறியது. நாடெங்கும் எழுந்த போராட்டத்தின் பின், 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும் ஜூலையில் மத்தியக் கல்வி நிறுவனங்கள் ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டமும் நிறுவனத்தையே அலகாக்கின.

அச்சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சில ஆய்வு நிறுவனங்கள் இடம்பெற்றன, ஐஐடிகள் இடம்பெறவில்லை. 2020இல் டெல்லி ஐஐடி இயக்குநர் தலைமையிலான குழு ஐஐடிகளுக்கும் விலக்கு கோரியது. அது இயலாவிட்டால் இடஒதுக்கீட்டை உதவிப் பேராசிரியர் நிலையோடு நிறுத்தலாம், நிரம்பாத இடங்களை அடுத்த ஆண்டே பொதுவாக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. தகுதியானவர் கிடைக்கவில்லை என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஓராண்டில் அந்த இடம் கைமாறும் என்ற ஏற்பாடு, அப்படி எழுதுவதற்கான ஊக்கத்தொகை அன்றி வேறென்ன?

நாற்காலியில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்தே எது ஆய்வுப் பொருளாகும் என்பதும் அமைகிறது. தானே இயங்கும் வாகனங்களைப் பற்றிக் குவியும் கட்டுரைகளுக்கு முன், மலக்குழி மரணங்களைத் தடுக்கும் இயந்திரங்களைப் பற்றிய ஆய்வு மிகக் குறைவு. சென்னை ஐஐடியில் உருவான 'ஹோமோசெப்' இயந்திரம் 2022இல் தமிழகத்தில் களத்திற்கு வந்தபோது, சஃபாய் கர்மசாரி அந்தோலன் துணைநின்றது. மலக்குழியில் கணவரை இழந்த பெண்களின் குழுக்களிடம் அது ஒப்படைக்கப்பட்டது. சேறு எவ்வளவு கெட்டியானது, குழியின் வாய் எவ்வளவு குறுகலானது, எந்த வாயு எப்போது கொல்லும் என்ற அறிவு அந்தக் குடும்பங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆய்வில் நுழைய விரும்பும் மாணவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் அமைப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்க வேண்டியவை சில உள்ளன. பணி நிலைவாரியான சுழற்சிப் பதிவேட்டின் நகல். நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களின் எண்ணிக்கை. ஒவ்வோர் ஆய்வுப் பிரிவிலும் விண்ணப்பித்தோர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர், சேர்க்கப்பட்டோர் ஆகியோரின் சமூகவாரிக் கணக்கு. மின்பொறியியல் துறையின் மொத்தக் கணக்கை மட்டும் தந்து அனுப்பிவிடுவார்கள். கட்டுப்பாட்டுப் பிரிவுக்கெனத் தனியே கேட்டு எழுத வேண்டும். மறுத்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.