ஜல்லிக்கட்டு: காளை இருக்கு, பெருமை இருக்கு, பையன் எங்கே?

1/
தை பிறந்தால் மதுரைக்காரங்க எல்லோருக்கும் வரிசை மனப்பாடம். தை 1 அவனியாபுரம், தை 2 பாலமேடு, தை 3 அலங்காநல்லூர். கூடவே சமூக வலைத்தளங்களில் வழக்கமான சண்டையும் வந்துவிடும். ஒரு பக்கம் "தமிழன் வீரம்", இன்னொரு பக்கம் "மிருகவதை". இரண்டு பக்கமும் காளையைப் பற்றிப் பேசுகிறது. வாடிவாசல் முன்னாடி நிற்கிற 20 வயசுப் பையனைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஒரு மருத்துவராக எனக்கு அவன்தான் முதலில் கண்ணில் படுகிறான். அவனை மையமாக வைத்து இந்த விளையாட்டின் வரலாற்றைப் பார்ப்போம். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

2/
முதலில் பழைய கதை. சங்க இலக்கியத்தில் கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் ஏறு தழுவுதலை விரிவாகப் பேசுகின்றன. காதல், ஆயர் பெண்கள், காளைகளின் நிறம் எல்லாம் அதில் உண்டு. இன்னொன்றும் உண்டு. கொம்பு குத்திக் குடல் சரிந்த இளைஞர்களையும் அந்தப் புலவர் மறைக்காமல் பாடியிருக்கிறார். அதாவது இந்த ஆட்டத்தில் யாருக்கு, எங்கே, எப்படி அடிபடும் என்பது நமக்கு அப்போதே தெரியும்.

3/
மதுரைக்கு மேற்கே மேட்டுப்பட்டி கல்லூத்துப் பகுதியில் ஒரு பாறை ஓவியம் இருக்கிறது. ஒற்றை ஆள் ஒருவன் காளையை அடக்க முயல்கிறான். சுமார் 1,500 ஆண்டு பழைமையானது என்று கணிக்கிறார்கள். பிற்காலத்தில் கொம்பில் சல்லிக் காசு முடிச்சைக் கட்டிவிட்டு, அதை அவிழ்ப்பவனுக்கே காசு என்றானது. சல்லிக்கட்டு, ஜல்லிக்கட்டு என்ற பெயர் வந்த வழி இது என்பார்கள். சில ஊர்களில் மஞ்சுவிரட்டு. பெயர் மாறினாலும் ஆள் அதே ஆள்தான்: இளவட்டப் பையன்.

4/
இப்போ 1868-க்கு வருவோம். ஜே.எச்.நெல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி மதுரை மாவட்டத்தைப் பற்றி ஒரு பெரிய கையேடு எழுதினார். அதில் ஜல்லிக்கட்டைத் துணிச்சலான மக்களுக்கு ஏற்ற விளையாட்டு என்று பாராட்டுகிறார். ஆபத்தானது என்று நினைத்துச் சில கலெக்டர்கள் இதை ஊக்கப்படுத்தாமல் விட்டது வருத்தமானது என்றும் சொல்கிறார். கவனிச்சீங்களா? 150 வருஷத்துக்கு முன்னாடியே இதே சர்ச்சை. ஆனால் அன்றைக்குக் கேள்வி காளையைப் பற்றியது அல்ல, மனுஷனுக்கு ஆபத்தா இல்லையா என்பதுதான்.

5/
அடுத்து 2006. இன்றைய சட்டப் போராட்டம் முழுக்க இங்கிருந்துதான் தொடங்குகிறது. ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு மனு வந்தது. ஜல்லிக்கட்டில் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தையும் அதே நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2006 மார்ச்சில் நீதிபதி ஆர்.பானுமதி ரேக்ளா, ஜல்லிக்கட்டு இரண்டுக்கும் தடை விதித்தார். இந்த வழக்கின் வேரில் ஒரு பையனின் சாவு இருக்கிறது. இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

6/
2007-இல் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. விலங்குகள் நல வாரியம் உச்ச நீதிமன்றம் போனது. 2008 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு தடை. பொங்கல் நேரத்திலேயே நிபந்தனைகளோடு அனுமதி. 2009-இல் தமிழக அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. இரட்டைத் தடுப்பு வேலி, கலெக்டர் அனுமதி, மருத்துவக் குழு என்று மனிதப் பாதுகாப்பு அப்போதுதான் சட்டப் புத்தகத்தில் ஏறியது.

7/
2011 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு முழுத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பின் மையம் விலங்குகளின் உரிமை. இந்திய சட்ட வரலாற்றில் அது முக்கியமான தீர்ப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாநிலத்தின் 2009 சட்டமும் அதோடு சேர்ந்து செல்லாமல் போனது. மகனை இழந்த ஒரு அப்பாவின் வேதனையும் கலந்து மதுரையில் தொடங்கிய வழக்கு, டெல்லி போய்ச் சேர்ந்தபோது காளையின் வழக்காக முடிந்தது.

8/
2017 ஜனவரி. அலங்காநல்லூரில் உட்கார்ந்த இளைஞர்களைப் போலீஸ் அப்புறப்படுத்த, பொறி பறந்தது. சென்னை மெரினாவில் கடல் போலக் கூட்டம். மதுரையில் தமுக்கம். செல்லூர் பாலத்தில் ரயிலை மறித்து நிறுத்தினார்கள். தலைவர் யார் என்று கேட்டால் யாரும் இல்லை; பெரும்பாலும் கல்லூரிப் பசங்க, பொண்ணுங்க. அதில் நிறையப் பேர் வாழ்க்கையில் ஒருமுறைகூட மாட்டின் திமிலைத் தொட்டதில்லை. அவர்களுக்கு அது விளையாட்டைத் தாண்டிய விஷயம். எங்கள் பண்பாட்டை முடிவு செய்ய நீ யார் என்ற கேள்வி.

9/
ஜனவரி 21 அவசரச் சட்டம். அடுத்த நாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைக்க மதுரை வந்தார். நிரந்தரச் சட்டம் வேணும் என்று ஊர் மக்கள் மறுத்துவிட, தொடங்கி வைக்காமலே திரும்பினார். 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டத்திருத்தம் நிறைவேறியது. பிப்ரவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் காளைகள் அவிழ்த்து விடப்பட்டன. அந்த வெற்றியைப் பற்றி இன்றும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான்.

10/
ஆனால் அதே ஜனவரி 22 அன்று புதுக்கோட்டை மாவட்டம் ராப்பூசலில் நடந்த ஜல்லிக்கட்டில் 2 பேர் இறந்தார்கள். எத்தனை பேருக்கு இது நினைவிருக்கு? அவசரச் சட்டம் வந்த மறுநாள், கொண்டாட்டத்தின் உச்சியில், இரண்டு வீடுகளில் இழவு. அது செய்தியாக வந்தது, போனது. மெரினாவின் வெளிச்சத்தில் அந்த இரண்டு வீடுகளும் தெரியவில்லை.

11/
2017-இல் வந்த விதிகளைப் படித்துப் பாருங்க, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். வால், கொம்பு பிடிக்கக் கூடாது. 15 மீட்டர் தூரம், அல்லது 30 நொடி, அல்லது காளையின் மூன்று துள்ளல் வரை தாக்குப்பிடித்தால் வெற்றி. வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். இவ்வளவும் எந்தச் சட்டத்தின் கீழே வருகிறது தெரியுமா? விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழே. பையனுக்கான பாதுகாப்பு காளைக்கான சட்டத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது.

12/
2023 மே 18 அன்று 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, தமிழ்நாட்டின் சட்டத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறு தழுவுதலுக்கென்றே ஒரு பெரிய அரங்கம் திறக்கப்பட்டது. சட்டச் சண்டை அநேகமாக முடிந்துவிட்டது. இனி ஜல்லிக்கட்டு இருக்கப் போகிறது. அப்படியானால் இப்போதுதான் அந்தப் பழைய கேள்வியைத் தைரியமாகக் கேட்கலாம்.

13/
ஏன் கேட்கணும்? 2022-இல் அவனியாபுரத்தில் இறந்தவருக்கு 18 வயது. வேடிக்கை பார்க்க வந்தவர். 2023-இல் பாலமேட்டில் இறந்தவர் அன்றைக்கு அதிகக் காளைகளைப் பிடித்து முன்னணியில் இருந்த இளைஞர். 2025-இல் மறுபடி அவனியாபுரம். மாடுபிடி வீரர், 22 வயது. இவை எல்லாமே விதிகள் வந்த பிறகு, கலெக்டர், போலீஸ், டாக்டர் எல்லோரும் இருக்கும்போதே நடந்தவை. அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்று சொல்லவில்லை. இருக்கிற ஏற்பாடு போதவில்லை என்கிறேன்.

14/
கொம்புக் காயத்தைப் பற்றிக் கொஞ்சம் மருத்துவம். வெளியே பார்த்தால் ஒரு அங்குல ஓட்டைதான் இருக்கும். ஆனால் கொம்பு இறங்கியதும் காளை தலையை ஆட்டும். உள்ளே ஒரே துளை பல திசையில் கிழியும். தொடை இடுக்கில் பட்டால் பெரிய ரத்தக்குழாய் அறுந்து சில நிமிடங்களில் உயிர் போகலாம். வயிற்றில் பட்டால் குடல், கல்லீரல், மண்ணீரல். மார்பில் பட்டால் நுரையீரல் சுருங்கும். மண்ணும் சாணமும் உள்ளே போவதால் ரண ஜன்னி, சீழ். "சின்னக் காயம்தான் சார்" என்று நடந்து வருகிறவரைத்தான் நாங்கள் அதிகம் பயந்து பார்ப்போம்.

15/
இன்னொரு விஷயம். ஆபத்து வாடிவாசலோடு முடிவதில்லை. களத்தைத் தாண்டி ஓடும் காளையை அதன் சொந்தக்காரர்கள் பிடிக்கும் இடத்தில் வேலி கிடையாது, சீருடை கிடையாது, பரிசோதனையும் கிடையாது. மாட்டோடு வந்த அண்ணன் தம்பிகள், ஓரமாக நின்று வீடியோ எடுக்கும் பள்ளிக்கூடப் பசங்க என்று அங்கே நிற்பவர்கள் பலர். பெயர் பதிந்தவருக்கு விதி உண்டு. பதியாமல் நிற்பவருக்கு அதிர்ஷ்டம்தான் துணை.

16/
இப்போ கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம், காரணம் இருக்கு. வட அமெரிக்காவில் லக்ராஸ் என்று ஒரு ஆட்டம். நுனியில் வலை கட்டிய குச்சியால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடுவது. ஹோடெனோஷோனி என்ற பழங்குடி மக்களின் ஆட்டம் அது. நோயாளிகள் குணமாக வேண்டியும் ஆடுவார்கள். "மருந்து ஆட்டம்" என்றே அதற்குப் பெயர். 1867-இல் மாண்ட்ரியால் நகரத்துப் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் அதற்கு விதி எழுதினார். 1880-இல், "தொழில்முறை ஆட்டக்காரர்கள்" என்று சொல்லி அந்த மக்களையே போட்டியிலிருந்து விலக்கினார்கள்! பிறகு அது பணக்காரப் பள்ளி, கல்லூரிகளின் விளையாட்டு ஆனது. யாருடைய ஆட்டம் என்ற சண்டை அங்கேயும் ஓயவில்லை. 2028 ஒலிம்பிக்கில் தங்கள் சொந்தக் கொடியோடு ஆட வேண்டும் என்று அந்த மக்கள் கேட்கிறார்கள்.

17/
ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. லக்ராஸ் பந்து கெட்டியான ரப்பர். மார்பில் பட்டு நல்ல ஆரோக்கியமான பள்ளி மாணவர்கள் அங்கேயே விழுந்து இறந்திருக்கிறார்கள். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நுண்கணத்தில் அடி விழுந்தால், விலா எலும்பு முறியாமலே இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட மரணங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். எந்த வயது, எந்த இடத்தில் அடி, என்ன கவசம் என்று எல்லாம் எழுதி வைத்தார்கள். வெறும் பஞ்சுக் கவசம் போதாது என்று தெரிந்தது. புதிய தரத்தில் மார்புக் கவசம் செய்து, 2021-இல் கோல் காப்பவர்களுக்கும் 2022-இல் மற்ற ஆண் ஆட்டக்காரர்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். ஆட்டம் நிற்கவில்லை. பசங்களின் சாவை "விதி" என்று விட்டுவிடவும் இல்லை.

18/
நம்ம ஊரில் என்ன நடக்கிறது? சாயங்காலம் செய்தி வரும்: காயம் இத்தனை பேர், மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் இத்தனை பேர், சிறந்த வீரருக்குக் கார். அடுத்த நாள் அடுத்த ஊர். அந்தக் காயம் தொடையிலா வயிற்றிலா, வேலிக்கு உள்ளேயா வெளியேயா, எத்தனை நிமிடத்தில் அறுவை அரங்குக்குப் போனார், ஆறு மாசம் கழித்து வேலைக்குப் போகிறாரா? இந்த விவரங்கள் இல்லாமல் எங்கே வேலி போடணும், என்ன கவசம் வேணும் என்று யாராலும் சொல்ல முடியாது.

19/
"கவசம் போட்டால் வீரம் போச்சே டாக்டர்" என்பீர்கள். கிரிக்கெட்டில் ஹெல்மெட் வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். காளையின் கொம்பைச் சீவு என்று நான் கேட்கவில்லை. வயிறு, மார்பு, தொடை இடுக்கைக் காக்கும் மெல்லிய உடுப்பைச் சோதித்துப் பார்க்கலாம். காளை பிடிக்கும் இடத்துக்கும் வேலி போடலாம். அலங்காநல்லூர், பாலமேட்டில் களத்துக்குப் பக்கத்திலேயே ரத்தம் ஏற்றும் வசதி வைக்கலாம். எல்லாக் காயங்களையும் ஒரே படிவத்தில் பதிந்து வருஷா வருஷம் வெளியிடலாம்.

20/
இன்னொரு உண்மையும் சொல்லணும். களத்தில் இறங்கும் பையன் பெரும்பாலும் விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை, மெக்கானிக், லோடு ஏற்றுபவர், கல்லூரியில் முதல் தலைமுறை. முதல் மரியாதை யாருக்கு, விழாக் குழுவில் எந்தச் சாதி என்று பெரியவர்கள் கோர்ட் வரை போவார்கள். கொம்புக்கு முன்னால் நிற்பது இவன். ஜெயித்தால் பைக்கோ காரோ வரும். அரசு வேலை வேணும் என்ற கோரிக்கையும் ரொம்ப நாளாக இருக்கிறது. அடிபட்டால் அந்த வீட்டின் வருமானமே படுத்துவிடும்.

21/
அடுத்த தை மாசம் நீங்க களத்துக்குப் போனால் இதை மட்டும் நினைவில் வையுங்க. குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாதீங்க; சுத்தமான ஈரத்துணியால் மூடுங்க. ரத்தம் பீறிட்டால் துணியை வைத்துக் கையால் அழுத்துங்க, மருத்துவர் வரும்வரை எடுக்காதீங்க. குத்திய பொருள் உள்ளேயே இருந்தால் பிடுங்காதீங்க. தண்ணீர், சோடா, டீ எதுவும் குடிக்கத் தராதீங்க. அறுவை சிகிச்சை தேவைப்படலாம். காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம். 108-ஐ அழையுங்க. காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகணும்.

22/
2017-இல் தமுக்கத்தில் உட்கார்ந்த மாணவர்கள் இன்று முப்பது வயதை நெருங்கியோ தாண்டியோ இருப்பீர்கள். சிலர் டாக்டர், சிலர் வக்கீல், சிலர் அரசு அதிகாரி. காளைக்காகவும் பண்பாட்டுக்காகவும் நீங்க போராடி ஜெயிச்சீங்க. அந்தக் காளைக்கு முன்னால் நிற்கிற தம்பிக்காக ஒரு பதிவேடு கேளுங்க. உங்க ஊர் விழாக் குழுவிடம் கேளுங்க, கலெக்டரிடம் மனு கொடுங்க. 2006-இல் அந்தத் தந்தையின் வேதனையோடு எழுந்த கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

மாடுபிடி வீரர்கள், காளை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் உங்க அனுபவத்தைக் கீழே எழுதுங்க. மாற்றுக் கருத்தும் தாராளமாகச் சொல்லலாம்.