பாலக்காடு எம்.பி.யின் 1950-ஆம் ஆண்டு வழக்கும் நெருக்கடி நிலையும்: தடுப்புக் காவல் சட்டம் கடந்து வந்த பாதை

பாலக்காடு: நாட்டில் 21 மாதங்கள் நீடித்த நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள், மார்ச் 22 அன்று, ஐந்தாவது மக்களவையில் பாலக்காட்டின் பிரதிநிதியாக இருந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் காலமானார். விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் அடைக்க அரசுக்கு இருக்கும் அதிகாரத்தை, அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தவர் அவர். அவ்வழக்கில் எழுந்த கேள்விக்கு நெருக்கடி நிலையும் அதன்பின் வந்த திருத்தங்களும் பாதி விடையை மட்டுமே தந்துள்ளன.

ராணுவம் இல்லாத ஒடுக்குமுறை: பர்மாவில் 1962-இலும், பாகிஸ்தானில் 1977 ஜூலையிலும் ராணுவத் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். இந்தியாவில் அவ்வாறு நிகழவில்லை. 1975 ஜூன் 25 இரவு, பிரதமர் இந்திரா காந்தியின் பரிந்துரையின் பேரில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்ட பிரகடனம் அரசியல் சாசனத்தின் 352-ஆவது பிரிவின் கீழ் வெளியிடப்பட்டது. கைது ஆணைகளில் கையெழுத்திட்டவர்கள் குடிமை அதிகாரிகள். கைது செய்தவர்கள் உள்ளூர்க் காவல் துறையினர். நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் மூடப்படவில்லை. எனினும், ராணுவ ஆட்சி நிலவும் நாடுகளில் காணப்படும் மூன்று அடையாளங்களான விசாரணையற்ற சிறை, பத்திரிகைத் தணிக்கை, தேர்தல் ஒத்திவைப்பு ஆகியவை இங்கும் இருந்தன. இதற்கான சட்டக் கருவி 1950 முதலே கைவசம் இருந்தது.

1950-ஆம் ஆண்டு வழக்கு: தடுப்புக் காவல் என்பது செய்த குற்றத்துக்கான தண்டனை அன்று. ஒருவர் இனிமேல் பொது அமைதிக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்று அதிகாரி ஒருவர் கருதினால், அதைத் தடுப்பதற்காக அவரை முன்கூட்டியே அடைத்துவைப்பதாகும். குற்றப்பத்திரிகையோ, நீதிமன்ற விசாரணையோ தேவையில்லை. குடியரசு மலர்ந்து ஒரு மாதத்திலேயே, 1950 பிப்ரவரி இறுதியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது.

அப்போது பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1947 டிசம்பரில் கைதான கோபாலன், சென்னை மாநிலத்தின் சிறையில் இருந்தார். அவருக்கு எதிரான தண்டனைகள் ரத்தான நிலையில், புதிய சட்டத்தின் கீழ் 1950 மார்ச் 1 அன்று அவருக்குக் காவல் ஆணை வழங்கப்பட்டது. அதே காலத்தில், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் நடைபெற்ற துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்திருந்தனர்.

'ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை அரசு' என்ற அவ்வழக்கில் கோபாலனுக்காக வழக்கறிஞர் எம்.கே.நம்பியார் வாதிட்டார். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவில் கூறப்படும் 'சட்டம்', நியாயமான நடைமுறையையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். 1950 மே 19 அன்று, ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் இதனை ஏற்க மறுத்தது. முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்ற நிலைப்பாடு உறுதியானது. நீதிபதி பசல் அலி மாறுபட்ட தீர்ப்பு அளித்தார். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக்கூடாது என்று தடுத்த 14-ஆவது பிரிவு மட்டும் செல்லாது என அறிவிக்கப்பட்டது.

இடுக்கி எல்லையில் போராட்டம்: நீதிமன்றத்தில் தோற்றவருக்கு மக்கள் மன்றம் திறந்திருந்தது. 1952-இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலிலேயே கோபாலன் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961-இல் இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, தமிழக எல்லையை ஒட்டிய குமுளி அருகே அமராவதியில் கொட்டும் மழையில் விடப்பட்டன. அவர்களுக்கு மறுவாழ்வு கோரி அவ்வாண்டு ஜூன் மாதம் கோபாலன் அங்கு மேற்கொண்ட உண்ணாவிரதம், மலையோர விவசாயிகளின் பிரச்சினையைக் கேரள அரசியலின் நடுவே கொண்டுவந்தது.

பொதுக்கூட்டமும் ஊர்வலமும் பத்திரிகைச் செய்தியும் இல்லாமல் இத்தகைய போராட்டம் வெல்ல இயலாது. 1975-இல் முடக்கப்பட்டவை இவையே. அக்குடும்பங்களை இடம்பெயரச் செய்த இடுக்கித் திட்டத்தை 1976 பிப்ரவரி 12 அன்று பிரதமர் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தது.

வாளையாறுக்கு இருபுறமும்: நெருக்கடி நிலையின் முதல் ஏழு மாதங்களில் எல்லையின் இருபுறமும் நிலைமை வேறுபட்டிருந்தது. கேரளத்தில் சி.அச்சுத மேனன் தலைமையிலான இந்திய கம்யூனிஸ்ட்-காங்கிரஸ் கூட்டணி அரசு நெருக்கடி நிலையை ஆதரித்தது; உள்துறை அமைச்சராக கே.கருணாகரன் இருந்தார். பதவிக்காலம் முடிந்த கேரள சட்டப்பேரவையின் ஆயுள், தேர்தல் இன்றி நீட்டிக்கப்பட்டது. தமிழகத்தில் ஆட்சியில் இருந்த தி.மு.க. நெருக்கடி நிலையை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1976 ஜனவரி 31 அன்று மு.கருணாநிதி அரசு கலைக்கப்பட்ட பின்னர் இந்த வேறுபாடு மறைந்தது. சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்ட தி.மு.க.வினர் தாக்கப்பட்டதையும், அங்கு காயமடைந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்ததையும் தொடர்ந்து, நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் ஆணையம் சிறைக் கொடுமைகளை விசாரித்தது.

நெருக்கடி நிலை குறித்து விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கைப்படி, உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டமான 'மிசா'வின் கீழ் நாடு முழுவதும் 34,988 பேர் காவலில் வைக்கப்பட்டனர். இவர்களில் கேரளத்தில் 790 பேர். தமிழகத்தில் 1,027 பேர். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நாடு முழுவதும் 75,818 பேர் கைது செய்யப்பட்டனர். கேரளத்தில் மட்டும் இவர்களின் எண்ணிக்கை 7,134.

மிசாவில் செய்யப்பட்ட திருத்தங்கள், காவலுக்கான காரணத்தைக் கைதானவருக்கே தெரிவிக்க வேண்டியதில்லை என்றன. 1950-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிய இரகசியம் வேறு வடிவில் திரும்பியது. 1975 ஜூலையில் மக்களவை கூடியபோது, விசாரணையின்றி அடைக்கப்பட்ட சக உறுப்பினர்கள் அவைக்கு வர இயலாத நிலையைப் பாலக்காடு உறுப்பினரான கோபாலன் அவையிலேயே கண்டித்தார்.

எழுத்துக்கும் பூட்டு: பாலக்காட்டில் பிறந்த எழுத்தாளரும் கார்ட்டூனிஸ்ட்டுமான ஓ.வி.விஜயனின் 'தர்மபுராணம்' நாவல், 1975 ஜூலை முதல் 'மலையாளநாடு' வார இதழில் தொடராக வெளிவருவதாக இருந்தது. கொடுங்கோல் ஆட்சியை எள்ளி நகையாடும் அந்நாவல், நெருக்கடி நிலை முடிந்த பின்னர் 1977-இலேயே தொடராக வெளியானது.

திறக்காத நீதிமன்றக் கதவு: சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவரை நேரில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவே குடிமகனின் கடைசிப் புகலிடம். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அத்தகைய மனுக்களை விசாரிக்கலாம் என்று கூறியிருந்த நிலையில், 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், நெருக்கடி நிலைக் காலத்தில் அவ்வுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட ஒரே நீதிபதி எச்.ஆர்.கன்னா. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது; அவர் பதவி விலகினார்.

இதன் விளைவை ராஜன் வழக்கு உணர்த்தியது. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவரான ராஜன், 1976 மார்ச் 1 அன்று காவல் துறையினரால் அழைத்துச் செல்லப்பட்டு, கக்கயம் முகாமில் சித்திரவதைக்கு உள்ளானார். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஓராண்டுக்கும் மேலாக அதிகாரிகளின் கதவுகளைத் தட்டினார். நெருக்கடி நிலை விலகிய பின்னரே அவரது ஆட்கொணர்வு மனு கேரள உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. ராஜனை நேரில் நிறுத்துமாறு நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றி, காலித் ஆகியோர் 1977 ஏப்ரல் 13 அன்று உத்தரவிட்டனர். முதலமைச்சராகப் பொறுப்பேற்று ஒரு மாதமே ஆன கருணாகரன் ஏப்ரல் 25 அன்று பதவி விலகினார். ராஜன் காவலில் உயிரிழந்ததை அரசு பின்னர் ஒப்புக்கொண்டது. அவரது உடல் கிடைக்கவே இல்லை.

மாற்றப்பட்டவை: 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில், தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கோபாலனுக்காக 28 ஆண்டுகளுக்கு முன்பு வைக்கப்பட்ட வாதம் இவ்வாறு ஏற்கப்பட்டது. அரசியல் சாசனத்தின் 44-ஆவது திருத்தம், 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை நீக்கி, 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' இருந்தால் மட்டுமே உள்நாட்டுக் காரணத்துக்காக நெருக்கடி நிலை அறிவிக்கலாம் என்றது. நெருக்கடி நிலையிலும் 21-ஆவது பிரிவை முடக்க இயலாது என்றும் வகுத்தது. ஜபல்பூர் தீர்ப்பை, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு முற்றிலும் நிராகரித்தது.

மாறாதவை: மிசா நீக்கப்பட்டாலும் தடுப்புக் காவல் நீங்கவில்லை. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று வாளையாறுக்குக் கிழக்கே 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டமும், மேற்கே 'காப்பா' எனப்படும் 2007-ஆம் ஆண்டின் கேரள சமூகவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. காவலில் வைக்கப்பட்டவருக்கு இன்று காரணம் தெரிவிக்கப்பட வேண்டும். அவர் முறையீடு செய்யலாம். ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்யலாம். ஆனால், மூன்று மாதங்கள் வரையிலான காவலுக்கு அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று அரசியல் சாசனம் கூறவில்லை.

இக்கால வரம்பை இரண்டு மாதங்களாகக் குறைக்கவும், அறிவுரைக் கழகத்துக்குப் பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதி தலைமை தாங்கவும் 44-ஆவது திருத்தத்தின் 3-ஆவது பிரிவு வழிசெய்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அப்பிரிவு நடைமுறைக்கு வர, மத்திய அரசு அரசிதழில் தேதியை அறிவிக்க வேண்டும். திருத்தத்தின் மற்ற பெரும்பாலான பிரிவுகள் 1979-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்த ஒரு பிரிவுக்கான தேதியை, பின்னர் மத்தியில் ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியின் அரசும் அறிவிக்கவில்லை.