காணி விலையும் குடிப்பெயர்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காணி ஒருபோதும் சந்தைப் பொருளாக இருந்ததில்லை எனக் கூறுவாருளர். அக்கூற்று முழுமையும் பொருந்துவதன்று. ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஒப்பிய பின் 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமையே விற்பனை, ஒற்றி ஆகியன பற்றி விரித்துரைக்கின்றது. ஆயின், விற்பவன் தான் விரும்பியவருக்கு விற்றுவிட அது இடந்தரவில்லை. உரித்தாளரும் பங்காளரும், அயற்காணிக்காரருள் அக்காணியை ஈடாகப் பெற்றிருந்தோரும் முதலிற் கேட்டு வாங்கும் உரிமையுடையோராயிருந்தனர். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பங்காளர்க்கும் உரித்தாளர்க்கும் அவ்வுரிமையைப் பேணிற்று. காணியின் விலையைக் காட்டிலும் அதனை வாங்குபவர் யார் என்பதே முதன்மை பெற்றது.

விற்பனையிலும் பார்க்கச் சீதனத்தின் வழியாகவே வீடும் வளவும் பெரிதும் கைமாறின. பெண்ணே உடைமையாளர், எனினும், 1911ஆம் ஆண்டின் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் அதனை விற்க இயலாது. உடைமை ஒருத்தியிடமும் ஒப்பம் வேறொருவரிடமும் இருந்த விந்தை இது!

இவ்வமைப்பினுள் வெளிநாட்டுப் பணம் இருமுறை புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் ஊழியம் புரிந்தோர் அனுப்பிய பணம் கல்வீடாகவும் சீதனமாகவும் மாறிற்று. 1983க்குப் பின் கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றுக்குப் பெயர்ந்தோரின் பணம் இரண்டாவது. மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குள் 1981இல் ஏறத்தாழ 7.38 இலட்சமாக இருந்த மக்கள் தொகை, 2012இல் ஏறத்தாழ 5.83 இலட்சமாகக் குறைந்தது. ஆயினும், 2009இல் போர் முடிந்தபின் நகரிலும் நல்லூரிலும் பரப்பின் விலை ஏறியதேயன்றி இறங்கவில்லை. மக்கள் குறைய விலை ஏறுவது முரணாகத் தோன்றலாம். வாங்குவோர் பலர் அங்கு வாழ்வோரல்லர் என்பதை நோக்கின் முரண் அகலும். அவ்விலையோடு போட்டியிட வேண்டியவர் உள்ளூர்ச் சம்பளத்தில் மகளுக்கு வளவு தேடும் ஆசிரியரும் தோட்டக்காரருமே.

காங்கேசன்துறைக் கரையின் கதை வேறு. 1905இற் கொழும்பிலிருந்து புகையிரதம் வந்து சேர்ந்த முனையம் அது; துறைமுகமும், 1950இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்து ஆலையும் அதற்கு வளமூட்டின. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் மக்கள் வெளியேறினர். வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. உரிமையாளர் இருந்தனர், உறுதியும் இருந்தது. விலை மட்டும் இல்லை. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் வெளியானபோது பலர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். பின்னர் நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டது.

பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது பொதுச் சட்டம். 1983 மே முதல் 2009 மே வரையான போர்க்காலத்திற் காணியை அணுக இயலாதிருந்தோர்க்கு அதிலிருந்து காப்பளிக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால், உறுதியையும் வரைபடத்தையும் இடப்பெயர்விற் தொலைத்த குடும்பங்களுக்கோ, வேலியும் எல்லைக்கல்லும் அழிந்த நிலத்தில் தம் பரப்பு எதுவென நிறுவுவதே முதல் வழக்காயிற்று.