ஓடுபாதைக்கு அடியில் யாருடைய நிலம்? சோழவரம் முதல் சின்ன உடைப்பு வரை

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். அந்தப் பெயரைச் சொன்னால் இன்று ஏரிதான் நினைவுக்கு வரும். ஆனால் 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை இந்தியாவின் கார், பைக் பந்தயங்களுக்கு அந்த ஊர்தான் தலைநகரம். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. மகாராஜாக்களும் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று பார்த்தார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. அதோடு சோழவரம் பந்தயம் கதையாகிப் போனது.

மறைந்த அந்தத் தடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் வரைய முடியுமா? முடியும். சோழவரத்தில் பந்தயத்துக்கென்று யாரும் புதிதாகச் சாலை போடவில்லை. அது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுபாதை. போர் முடிந்தபின் சும்மா கிடந்த அந்த நேர்கோடுகளை வளைவுகளால் இணைத்து, ஆங்கில 'டி' எழுத்து வடிவில் பந்தயத் தடம் ஆக்கினார்கள். செயற்கைக்கோள் படத்தில் ஓடுபாதையின் கோடுகளைப் பிடித்துவிட்டால், பழைய படங்களையும் ஓட்டியவர்களின் நினைவுகளையும் வைத்து மற்றதை வரைந்துவிடலாம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் இதே கதைதான். 1943-இல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறந்த தளத்தில் 1948 முதல் கார்கள் ஓடுகின்றன. இன்றும் அந்தப் பந்தயத் தடத்தின் நடுவே ஓடுபாதையின் தடயம் தெரியும்.

பந்தய ரசிகர்களின் தேடல் இத்தோடு முடிந்துவிடுகிறது. நம் தேடல் இங்கேதான் தொடங்குகிறது. பந்தயத் தடத்துக்குக் கீழே ஓடுபாதை. ஓடுபாதைக்குக் கீழே என்ன இருந்தது?

போர்க்காலத்தில் 1939-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அரசு கையில் இருந்தது. வேண்டிய சொத்தை உத்தரவு போட்டு எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. இழப்பீடு என்று வந்தால் அது பட்டாதாரரின் பெயருக்குப் போகும். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழுத பண்ணையாளுக்குப் பட்டா ஏது? ஏட்டில் அவர் பெயரே இல்லாதபோது, அவர் இழந்ததும் ஏட்டில் ஏறாது. நில வரலாற்றில் நம் மக்கள் காணாமல் போவது இப்படித்தான்.

சோழவரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கைதான் பறையர் மக்களின் நிலமற்ற நிலையை அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்க முடியாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அதே செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரு தோழர்களை இழந்தோம். காகிதத்தில் இருக்கும் நிலத்தைத் தரையில் காட்டச் சொன்னதற்கு நாம் கொடுத்த விலை அது.

பந்தயத் தடத்தைத் தேடும் முறை நமக்கும் உதவும். ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய செயற்கைக்கோள் படத்தை முதலில் பாருங்கள். அதன்மேல் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் பொருத்துங்கள். புல எண்ணைக் குறித்துக்கொண்டு 'அ' பதிவேட்டைப் பாருங்கள். இன்றைய பதிவேட்டோடு நிற்காதீர்கள். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு, அதாவது யு.டி.ஆருக்கு, முந்தைய பதிவேட்டைக் கேளுங்கள். நிபந்தனை நிலம் என்பதற்கு அடையாளமாக 'டி.சி.' என்ற குறிப்பு பழைய ஏட்டில் இருந்து புதிய ஏட்டில் இல்லையென்றால், அங்கே ஒரு திருட்டு நடந்திருக்க வாய்ப்பு உண்டு. பழைய வரைபடங்களில் ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. சேரி எங்கே இருந்தது, இப்போது அங்கே என்ன நிற்கிறது என்று பாருங்கள். கடைசியாக ஊரின் மூத்தவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். ஏட்டில் ஏறாத வயலின் பெயரும் களத்தின் பெயரும் அவர்கள் வாயில்தான் இருக்கும்.

இது மதுரைக்கு மிக அவசரம். மதுரை விமான நிலையமும் போரின் பிள்ளைதான். 1942-இல் பிரிட்டிஷ் விமானப்படை முதலில் பயன்படுத்தியது. சோழவரத்தில் விமானம் போய்ப் பந்தயம் வந்தது. மதுரையிலோ ஓடுபாதை வளர்ந்துகொண்டே போகிறது. இப்போதுள்ள 7,500 அடியை 12,500 அடியாக நீட்டுவது திட்டம். நீளும் கோட்டின் பாதையில் சின்ன உடைப்பு கிராமம் இருக்கிறது. வீடு இழக்கும் முன் மீள்குடியமர்வு வேண்டும் என்று 2024 நவம்பரில் அந்த மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் போனது. விமான நிலையமே வேண்டாம் என்பதல்ல அவர்கள் கோரிக்கை. போகச் சொல்கிறீர்களே, எங்கே போவது என்பதுதான் கேள்வி.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களை விருப்பத்துக்கு மாறாக இடம்பெயரச் செய்தால் தனி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமையைக் கேட்க, இங்கே இத்தனை வீடுகள் இருந்தன, இந்த மரத்தடியில் கோவில் இருந்தது, இந்த வழியாகச் சுடுகாட்டுக்குப் போனோம் என்று காட்டும் சான்று வேண்டும். இடித்தபின் அதை யாரும் வரைந்து தரமாட்டார்கள்.

தடம் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சோழவரத்தின் வளைவுகளை நினைவிலிருந்தே சொல்ல ஆள் இருக்கிறார்கள். கார் ஓடிய இடத்துக்கு அவ்வளவு நினைவு இருக்கும்போது, மனிதர் வாழ்ந்த இடத்துக்கு ஒரு வரைபடம்கூட இல்லாமல் போகலாமா? கல்லூரித் தோழர்கள் விடுமுறையில் நாலைந்து பேராகச் சேர்ந்து, சொந்த ஊர்ச் சேரியை முதலில் வரையுங்கள். ஒவ்வொரு வீட்டையும், கிணற்றையும், பாதையையும் தேதி போட்டுக் குறியுங்கள். ஒரு பிரதியை ஊரிலேயே வையுங்கள். நாளை அதிகாரி ஒருவர் அளவு நாடாவோடு வரும்போது, நம் கையில் ஒரு வரைபடம் இருக்கட்டும்.