பட்டியலில் இல்லாத வியாதி

ஆபீஸ்ல ஒரு பக் வந்தா ரெண்டு டீமும் 'எங்களோடது இல்லை'ன்னு தள்ளிவிடுவோம். நெல்லி கெர்ஷா கதையைப் படிச்சப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

இங்கிலாந்தில் ராச்டேல் ஊர். டர்னர் பிரதர்ஸ் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸை நூலாக நூற்கிற வேலை. அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போய்த் தங்கிடும். காற்றறைகளுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய திசுவில் தழும்பு விழும். நுரையீரல் விறைச்சுப் போய், மூச்சு இழுத்தாலும் ஆக்சிஜன் ரத்தத்துக்குச் சரியாப் போய்ச் சேராது. இன்டர்ஸ்டிஷியல் நுரையீரல் நோய்கள்னு சொல்றாங்களே, அந்தக் குடும்பத்துல இது ஒண்ணு.

1922ல் நெல்லியால வேலைக்கே போக முடியலை. 'ஆஸ்பெஸ்டாஸ் நஞ்சு'ன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேலையால வந்த வியாதி, அதனால உதவித்தொகை கிடையாதுன்னுச்சு அரசாங்கக் காப்பீடு. இழப்பீட்டுச் சட்டப் பட்டியல்ல அப்படி ஒரு வியாதியே இல்லைன்னு கம்பெனி கைவிரிச்சுது. 1924 மார்ச்சில் நெல்லி இறந்துட்டார். வயசு 33. அடக்கச் செலவுக்குக்கூட கம்பெனி காசு தரலை.

அவரோட நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் குக், 1927ல் அந்த வியாதிக்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்'னு பேர் வெச்சார். 1931ல் ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்த பிரிட்டனில் விதிகள் வந்துச்சு. முழுத் தடைக்கு 1999 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

நெல்லியைப் புதைச்ச இடத்துல பேர் பொறிச்ச கல்கூட வைக்கலையாம். இனிமே 'எங்க டீம் இல்லை'ன்னு டைப் பண்றப்ப கை கொஞ்சம் தயங்கும்னு நினைக்கிறேன்.