ஆப்பு வைத்தவர்கள்

போன வாரம் ஒரு நண்பன் போன்ல, "மேனேஜர் எனக்கு நல்லா ஆப்பு வச்சுட்டார்டா"ன்னு புலம்பினான். எனக்கு உடனே ஒரு குரங்கு ஞாபகம் வந்துச்சு. ஆப்பசைத்த குரங்கு! பஞ்சதந்திரத்தில் வருகிற கதை. தச்சர்கள் பாதி பிளந்த மரத்தில் ஆப்பைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். குரங்கு வந்து ஆப்பைப் பிடுங்குகிறது. பிளவு படக்கென்று மூடிக்கொள்ள, மாட்டிக்கொண்டு செத்துப்போகிறது.

'வேண்டாத வேலையில் தலையிடாதே' என்கிற நீதியோடு நாம கதையை முடிச்சுக்கிட்டோம். அந்த மரத்தை ரம்பத்தால் அறுக்காம ஏன் பிளந்தாங்க? இன்னைக்கு எபிசோடே அந்தக் கேள்விதான்.

மரம் என்பது நீளநீளமான நார்களின் கட்டு. ரம்பம் நேர்கோட்டில் போகும். நார் சாய்ந்து ஓடினால் அதை வெட்டிக்கொண்டே போகும். ஆப்பு அப்படி இல்லை, நார்களுக்கு நடுவே வழி தேடிப் போகும். அதனால் பிளந்த கட்டையில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் இருக்கும். கட்டை மெல்லியதாக இருந்தாலும் பாரம் தாங்கும். போன மாசம் எங்க வீட்டு ஸ்டூல் கால் ஒண்ணு முறிஞ்சுச்சு. முறிஞ்ச இடத்தில் பார்த்தா, நார் காலோட நீளத்துக்கு ஓடல, குறுக்கே சரிஞ்சு ஓடியிருந்தது.

இந்த ரகசியத்தை வைத்தே பிழைத்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகள். அங்கே பீச் காடுகள். பீச்னா கடற்கரை இல்லைங்க, ஒரு மரம். பக்கத்தில் ஹை விக்கம், நாற்காலிக்குப் பேர்போன ஊர். 1875 வாக்கில் அங்கே ஒரு நாளைக்கு சுமார் 4,700 நாற்காலிகள் தயாரானதாக ஒரு கணக்கு உண்டு. அவற்றுக்கான கால்களை ஏராளமாகச் செய்துகொடுத்தவர்கள் காட்டிலேயே வேலை பார்த்த கைவினைஞர்கள். 'பாட்ஜர்' என்று பின்னால் அவர்களுக்குப் பெயர் வந்தது.

நிற்கிற மரத்தை விலைக்கு வாங்கி, சாய்த்து, நாற்காலிக் கால் அளவுக்குத் துண்டு போடுவார்கள். ரம்பத்தின் வேலை அதோடு சரி. பிறகு ஆப்பும் கொட்டாப்புளியும். மரம் பச்சையாக இருக்கும்போதே பிளப்பார்கள். காய்ந்தால் முரண்டு பிடிக்கும். பிளந்ததைக் கைக்கோடாலியால் செதுக்கி, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சீவி, காலால் மிதித்து ஓட்டும் கடைசலில் கடைவார்கள்.

இங்கிலாந்துக் கிராமங்களில் 'ஃப்ரோ' என்று இன்னொரு கருவியும் இருந்தது. நீளமான அலகு, ஒரு முனையில் செங்குத்தாக மரப்பிடி. அலகை அடித்து இறக்கி, பிடியைப் பிடித்து நெம்பணும். பிளவு ஒரு பக்கம் ஒதுங்கி ஒரு பாதி மெலிந்துபோனால், தடித்த பாதியை அதிகமாக வளைக்கணும். பிளவு அந்தப் பக்கம் திரும்பி நடுவுக்கு வரும். மூங்கில் பிளக்கிற நம்ம ஊர்க்காரங்க கையிலும் இதே சூட்சுமம்தான்.

ஆனா பாட்ஜர் முழு நாற்காலி செய்ததில்லை. கால், குறுக்குக்கட்டை, அவ்வளவுதான். காசு குரோஸ் கணக்கில், அதாவது 144, 144 ஆக எண்ணி. நாற்காலியில் அவர் பெயர் இருக்காது. இயந்திரக் கடைசல் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சில ஆண்டுகளில் தொழில் ஏறக்குறைய ஓய்ந்தது.

இதில் ஒரு கொடுமை பாருங்க. ஆங்கிலத்தில் 'பாட்ஜ்' என்றால் அரைகுறை வேலை. 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தச் சொல் உண்டு, இவர்களால் வந்ததில்லை. ஆனாலும் இன்னைக்கு அங்கே 'பாட்ஜர்'னா நிறைய பேருக்கு மோசமான வேலைக்காரன்தான். நமக்கும் ஆப்புன்னா துரோகம் மட்டும்தான் ஞாபகம் வருது. வேலை போன பிறகு, வார்த்தை மட்டும் வசவாக மிச்சமிருக்கு.

வீட்டில் பழைய மர நாற்காலி இருந்தா, அதோட காலை ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. நார் மேலிருந்து கீழே வரை நேரா ஓடுதா? ஓடினா, அந்த மரத்தின் போக்கைப் பார்த்து வேலை செஞ்ச ஒருத்தர் எங்கேயோ இருந்திருக்கார். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.