நான்கு வரையறைகளும் ஒரு மாணவரும்: 1916இல் அம்பேத்கர் வாசித்த விதம்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு பயிற்சி நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கல்லூரி மாணவர்கள், நெட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், வேலை முடித்து நேராக வருகிறவர்கள் என்று கலவையான கூட்டம். ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பத்தியை நகலெடுத்துக் கொடுப்பேன். பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். பிறகு நான்கு கேள்விகள்.

ஒரு வாரம் அம்பேத்கரின் பத்தி ஒன்றைக் கொடுத்தேன். கேள்வி எளியது: 'இந்தப் பத்தியின்படி சாதியை உருவாக்கியவர் மனுவா?' ஏறக்குறைய எல்லோரும் 'ஆம்' என்று எழுதினார்கள். பத்தியில் இருந்ததோ அதற்கு நேர் எதிரான கருத்து. மனுவுக்கு முன்பே சாதி இருந்தது. அவர் அதைத் தொகுத்து, நியாயப்படுத்தி, அதற்குத் தத்துவம் எழுதியவர். ஒரு தனிமனிதரால் இவ்வளவு பெரிய அமைப்பை உண்டாக்கியிருக்க முடியாது என்பதே அங்கே சொல்லப்பட்டது.

"அக்கா, பாபாசாகேப் இப்படி எழுதியிருக்க மாட்டார்" என்றான் ஒரு தம்பி. மூலத்தைக் காட்டினேன். அமைதியாகிவிட்டான்.

அந்த அமைதியை நான் கேலி செய்யவில்லை. நானும் முதுகலை படித்தபோது அப்படித்தான் வாசித்தேன். நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பக்கத்தில் தேடுகிறோம். கிடைத்துவிட்டால் கைதட்டுகிறோம், கிடைக்காவிட்டால் கண் தாண்டிப் போகிறது. நம் தலைவரின் எழுத்தையே நாம் முழக்கமாக வாசித்தால், எதிராளியின் எழுத்தை எப்படி வாசிப்போம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது, அந்தப் பத்தி இருக்கும் கட்டுரையே ஒரு வாசிப்புப் பாடம் என்று தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோணிப்பையிலிருந்து கொலம்பியா வரை

1916 மே 9. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் இந்திய மாணவர் ஒருவர் கட்டுரை வாசிக்கிறார். வயது 25. தலைப்பு 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் அமைப்பியக்கம், தோற்றம், வளர்ச்சி'. அடுத்த ஆண்டு, 1917இல், அது 'இந்தியன் ஆன்டிக்வரி' இதழில் அச்சானது.

அந்த மாணவர் எப்படிப்பட்ட வகுப்பறையிலிருந்து வந்தவர் என்று நமக்குத் தெரியும். சதாராவில் பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து கோணிப்பை எடுத்துப்போய்த் தனியே உட்கார்ந்தவர். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்பியவர். பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க அனுமதி கிடைக்காமல் பாரசீகம் படித்தவர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனவர்.

அதாவது, எந்த நூல்கள் அவருடைய மக்களை வரையறுத்தனவோ அந்த நூல்களைத் தொடவே கூடாது என்று விலக்கப்பட்டவர். அவர் அங்கே என்ன செய்தார்? தன் துயரத்தைச் சொல்லித் தொடங்கவில்லை. சாதியைப் பற்றி அன்றைக்குப் பேரறிஞர்கள் எழுதிவைத்த நான்கு வரையறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கு சிறு பத்திகள். ஒவ்வொன்றாக வாசித்தார்.

நான்கு பேர், நான்கு பத்திகள்

முதலாமவர் பிரெஞ்சு அறிஞர் எமில் செனார். இரண்டாமவர் ஜான் நெஸ்ஃபீல்டு. வடமேற்கு மாகாணங்களின் சாதிகளைப் பற்றி 1885இல் எழுதியவர். மூன்றாமவர் ஹெர்பர்ட் ரிஸ்லி. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர், மூக்கை அளந்து சாதியை விளக்க முயன்றவர். நான்காமவர் ஸ்ரீதர் வெங்கடேஷ் கேத்கர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1909இல் சாதியின் வரலாற்றை நூலாக்கிய மராத்தி அறிஞர்.

இவர்களை அம்பேத்கர் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு வரையறையும் இன்னொன்று விட்டதைச் சொல்கிறது, ஆகவே சேர்த்துப் பார்த்தால் பயன் உண்டு என்கிறார். ஆனால் பொதுவாக ஒரு பிழை: சாதியைத் தனித்த ஒன்றாக எடுத்துக்கொண்டு வரையறுக்கப் பார்க்கிறார்கள். சாதி என்பது ஒரு முழு அமைப்புக்குள் மற்றவற்றோடு உறவுகொண்டு நிற்பது. ஒற்றைச் சாதி என்று ஒன்று இருக்க முடியாது. சாதிகள் என்ற பன்மைதான் உண்டு.

பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: நீங்கள் சொல்லும் இந்தப் பண்பு இல்லாவிட்டாலும் சாதி இயங்குமா? இயங்கும் என்றால் அது சாதியின் உயிர்நாடி அல்ல.

செனார் தீட்டைச் சொல்கிறார். தீட்டு என்ற எண்ணம் புரோகிதச் சடங்கிலிருந்து வந்தது. சாதிக்கு மதச்சாயம் இருப்பதால் தீட்டும் அதோடு ஒட்டிக்கொண்டது. தீட்டை எடுத்துவிட்டாலும் சாதியின் இயக்கம் நிற்காது என்கிறார் அம்பேத்கர்.

நெஸ்ஃபீல்டு, வெளியாரோடு உண்ணாமை குடிக்காமையைச் சொல்கிறார். இங்கே விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது பதில். தன்னைத்தானே அடைத்துக்கொண்ட குழு வெளியாரோடு பந்தியில் உட்காராது. அது அடைப்பின் விளைவு. அதற்கு மதத்தடை என்ற வடிவம் பின்னால் வந்தது.

ரிஸ்லிக்கு அம்பேத்கர் ஒதுக்கிய இடத்தைக் கவனியுங்கள். தனியாகக் கவனிக்கத் தக்க புதிய கருத்து எதுவும் இல்லை என்ற அளவில் கடந்துவிடுகிறார். நாடு முழுவதையும் எண்ணி, சாதிகளை வரிசைப்படுத்திய அதிகாரியின் வரையறை அது. எழுதியவரின் பதவி வேறு, எழுதியதன் எடை வேறு. இதை அந்த வயதில் அவர் பிரித்துப் பார்த்தார்.

கேத்கரைப் பாராட்டுகிறார். சாதியை அமைப்போடு சேர்த்துப் பார்த்தவர் அவர். கேத்கர் இரண்டு பண்புகளைச் சொன்னார்: சாதிக்குள் பிறந்தவரே உறுப்பினர், சாதிக்கு வெளியே திருமணம் கூடாது. அம்பேத்கர் இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறார்: இவை உண்மையில் இரண்டா? வெளியே மணம் கூடாது என்று தடுத்துவிட்டால், உள்ளே பிறந்தவர் மட்டும்தான் உறுப்பினராக முடியும். ஆகவே இரண்டும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். மிஞ்சுவது ஒன்றுதான்: அகமணம்.

நான்கு பத்திகளைப் பொறுமையாக வாசித்ததால் கிடைத்த முடிவு இது. எங்கிருந்தோ இறக்கிய கோட்பாடு அல்ல. எது காரணம், எது விளைவு, எது ஒட்டிக்கொண்டது, எது ஒன்றையே இரண்டாகச் சொன்னது என்று பிரித்துப் பிரித்து வந்து சேர்ந்த இடம்.

உபரி மனிதர்கள்

முடிவோடு அவர் நிற்கவில்லை. அது சரியா என்று சோதித்தும் பார்க்கிறார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்ய வேண்டுமென்றால், மணவயதில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் 'உபரி'. மனைவி இறந்தால் ஒரு ஆண் 'உபரி'. இந்த உபரி வெளியே துணை தேடினால் வேலி உடையும். உள்ளேயே தேடினால் அடுத்தவருக்கான துணை குறையும்.

ஆகவே, உபரிப் பெண்ணைக் கணவனின் சிதையில் எரித்தார்கள், அல்லது வாழ்நாள் முழுக்க விதவையாக வைத்தார்கள். உபரி ஆணை எரிக்க முடியாது, அவன் ஆண். துறவியாக்கினால் குழுவுக்கு ஆள் குறையும். எனவே இன்னும் மணவயது வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தைமணம் மூன்றும் அகமணத்தைக் காக்கும் கருவிகள். இவற்றைப் புகழ்ந்த தத்துவங்கள் ஏராளம், ஏன் தோன்றின என்ற விளக்கம்தான் இல்லை என்று சுட்டிக்காட்டிவிட்டுத் தன் விளக்கத்தை வைக்கிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் படிப்பு வட்டத்துப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். சாதி பெண்ணின் உடம்பின்மேல் கட்டப்பட்ட வேலி என்பதை, நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு ஒருவர் காட்டியிருக்கிறார்.

மனுவும் தீட்டும்: இரண்டு சந்தேகங்கள்

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். மனு சாதியை உருவாக்கவில்லை என்றால், 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதியை ஏன் எரித்தார்கள்?

முரண்பாடு இல்லை. உருவாக்குவது வேறு, சட்டமாக்குவது வேறு. இருந்த கொடுமையைத் தொகுத்து அதற்குத் தர்மம் என்று பெயர் சூட்டிய நூல் அது. 1916இல் கேட்கப்பட்ட கேள்வி 'சாதி எப்படித் தோன்றியது?' என்பது. 1927இல் கேட்கப்பட்ட கேள்வி 'இந்த நூலுக்கு நம்மை ஆளும் அதிகாரம் உண்டா?' என்பது. சொல்லப்போனால் முதல் பதில் மனுவை இன்னும் சிறியவராக்குகிறது.

இன்னொரு தங்கை கேட்டாள்: "தீண்டாமையைத்தானே நாம் தினமும் அனுபவிக்கிறோம்? தீட்டு முக்கியம் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?" நியாயமான கோபம். ஆனால் அந்தப் பத்தி தீண்டாமையின் வலியை அளக்கவில்லை. சாதி என்ற இயந்திரம் எதில் ஓடுகிறது என்று பார்க்கிறது. தீண்டப்படாதோர் எப்படி அப்படி ஆக்கப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அவர் 1948இல் தனி நூலே எழுதினார். 1936இல் அச்சான 'சாதி ஒழிப்பு' உரையில் கலப்பு மணமே உண்மையான மருந்து என்றும், அதைத் தடுக்கும் சாஸ்திரங்களின் புனிதத்தை அழிக்க வேண்டும் என்றும் சொன்னபோது, 20 ஆண்டுகளுக்கு முன் நான்கு பத்திகளில் கண்டெடுத்த முடிவிலிருந்து அவர் விலகவில்லை.

ஒரு பத்தி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்காமல் அதோடு சண்டை போடக் கூடாது. அதை ஏற்றுக்கொள்ளவும் கூடாது.

நாம் செய்யும் பயிற்சி

இந்தக் கட்டுரையிலிருந்து எங்கள் வட்டத்துக்கு ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். புதிதாக எதுவும் இல்லை. நீங்களும் உங்கள் விடுதியில், படிப்பகத்தில் நாலு பேர் சேர்ந்து செய்யலாம்.

1. பத்தி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? அந்தக் கேள்வியை ஒரு வரியில் தமிழில் எழுதுங்கள். பத்தி ஆங்கிலத்தில் இருந்தாலும் கேள்வி தமிழில்.

2. எழுதியவர் சொல்வது எது, அவர் இன்னொருவர் சொன்னதாகச் சொல்வது எது? இரண்டுக்கும் வேறு நிறத்தில் கோடு போடுங்கள். பாதிப் பிழைகள் இங்கேதான் நடக்கின்றன.

3. எது காரணம், எது விளைவு? 'ஆகவே', 'ஆனால்', 'எனினும்' போன்ற சொற்களை வட்டமிடுங்கள்.

4. எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?

5. இவ்வளவுக்கும் பிறகுதான் உங்கள் கருத்து. அதுவரை அதைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

தேர்வில் மதிப்பெண் கிடைக்கும் என்பது உண்மைதான். நெட் முதல் தாளில் ஒரு பத்தி கொடுத்துத்தானே கேள்வி கேட்கிறார்கள். ஆனால் தேர்வோடு முடிகிற விஷயம் அல்ல இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இழிவுபடுத்தல் குற்றமாக, அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டம். 'பொது இடம்' என்று அங்கே இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனியார் வீட்டு வாசலாக இருந்தாலும், வெளியாட்கள் பார்க்கும்படி நடந்தால் சட்டம் பொருந்தும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவர்களுக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது இந்தப் பிரிவில் வராது என்றது. அந்தத் தீர்ப்பை நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் புகார் எழுத உட்காரும் தோழருக்கு அந்த ஒரு சொற்றொடர் புரியாவிட்டால், யார் பார்த்தார்கள், எங்கே நின்று பார்த்தார்கள் என்பது புகாரில் வராது. புகாரில் இல்லாதது வழக்கில் நிற்பது கடினம். எத்தனையோ மனுக்களில் வலி முழுவதும் இருக்கும், இந்த ஒரு வரி இருக்காது. வீட்டுக்கு வந்து அழுதவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞர், சாதிக்கு வெளியே காதலித்து மணந்தவர். கொலம்பியா கருத்தரங்கில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டு நூறு ஆண்டுகள் நிறைவதற்கு அப்போது இரண்டு மாதங்கள்கூட மிச்சமில்லை. சாதியின் உயிர் எங்கே இருக்கிறது என்று அந்த 25 வயது மாணவர் சொன்னாரோ, வெட்டு விழுந்தது அதே இடத்துக்காகத்தான்.

அந்தத் தம்பி அடுத்த சனிக்கிழமையும் வந்தான். இந்தமுறை பத்தியை அவனே தேடிக் கொண்டுவந்திருந்தான். நான்கு கேள்விகளும் அவனே எழுதியிருந்தான். மூன்றாவது கேள்விக்கு எனக்கே தவறான பதில்தான் வந்தது.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்கிறோம். கற்பிப்பதற்கு முன் ஒரு பத்தியைப் பொறுமையாக வாசிப்போம்.

ஜெய்பீம்.